மூன்றாவது சுவிட்ச்

முதல் வேன் களவு போனது பட்டப்பகலில். அதுவும் வீட்டு வாசலில், சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. கண்ணாடியம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேன் கிளம்புகிற சத்தம் காதில் விழத்தான் செய்தது. கணவர்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கணவரோ மாடியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் எடுக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இப்படி ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்ததில் வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

கண்ணாடியம்மா என்பது தெரு வைத்த பேர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், அதனால். அவள் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை என்பது வேறு விஷயம். கணவர் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து, ஏணி போட்டு ஏறி, தானே மாட்டியும் கொடுக்கிறவர். அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் நடக்கவில்லை. கைகள் கெட்டிக்காரக் கைகள். வாய் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

அந்த வேனின் பின்கதவைத் திறந்தால் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்பலகை இறங்கும். உள்ளே, ஓட்டுகிறவரின் சீட்டுக்குப் பின்னால், நாற்காலியைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கிற கொக்கிகள் இருந்தன. திருடியவனுக்கு அது வெறும் வேன். இவர்களுக்கு அதுதான் பாப்பாவின் கால். விடுமுறை நாள் என்பதால் மோட்டார் நாற்காலியையும் உள்ளேயே விட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் ஓட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி யாராவது கேட்டால் கண்ணாடியம்மா இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள். பழைய தள்ளு நாற்காலியில், ஜன்னல் ஓரத்தில், பாப்பா போனில் பாடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக் காரில் நாற்காலி நுழையாது. தோழிகள் முதலில் அடிக்கடி வந்தார்கள், பிறகு எப்போதாவது வந்தார்கள். ஒரு நாள்கூடப் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் "பரவாயில்லம்மா" என்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பெற்றவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். இதற்குப் பதில் அவள் இரண்டு தட்டை எடுத்து வீசி உடைத்திருந்தால் நிம்மதியாகக் கூட்டிப் பெருக்கியிருப்பாள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மாற்றுச் சாவி ஒன்றை, காந்தம் வைத்த சின்னத் தகர டப்பாவில் போட்டு, முன்சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக ஒட்டி வைத்திருந்தார்கள். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வேன் நின்ற இடத்தில் அந்த டப்பா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைக் குனிந்து எடுத்த கணவர் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக ஒரு சண்டை போட்டு அன்றைக்கே தீர்த்திருக்கலாம்.

அவள் மனதில் ஓடியது இதுதான். இந்த மனுஷன் தரையில் நிற்கிறவரைக்கும் தங்கமானவர், ஏணியில் ஏறிவிட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அடுத்தவர் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி மாட்டிக்கொண்டே தன் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டு வருவார். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கடைக்கு வந்து, கண்ணாடியைக் கேட்பதற்கு முன்னால் "குதிகால் வலி இப்ப தேவலையா?" என்று விசாரித்தது உண்டு. அப்படிப்பட்ட வாய் சாவி டப்பாவை மட்டும் விட்டு வைத்திருக்குமா என்று அவள் நினைத்தாள். கணவர் மனதில் ஓடியது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அது பின்னால் வரும்.

இப்படியிருக்க, அவளுடைய அண்ணன் ஒரு நாள் தன் பழைய வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தனக்கு இனிமேல் தூரப் பயணம் இல்லை, சும்மா நின்று துருப்பிடிப்பதற்குப் பதில் இங்கே நிற்கட்டும் என்று சொல்லிச் சாவியைப் பாப்பாவின் மடியில் போட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிப் போனார். கண்ணாடியம்மா அழுதாளா என்று கேட்டால், அழுதாள். பக்கத்துத் தெரு வெல்டிங் கடைக்காரர் சாய்பலகையும் கொக்கிகளும் புதிதாகச் செய்து பொருத்திக் கொடுத்தார். பாப்பா மறுபடியும் கல்லூரிக்குப் போனாள். காலையில் அம்மா கொண்டுபோய் விட்டுவிட்டு வேனோடு கடைக்குப் போவாள். மத்தியானம் கடைவாசலில் கணவர் அதை வாங்கிக்கொண்டு திரைச்சீலை மாட்டப் போவார். சாயங்காலம் அவரே பாப்பாவை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார்.

வேன் வந்தது, தூக்கம் போனது. வெளியே நாய் குரைத்தால் கண்ணாடியம்மா எழுந்து ஜன்னலுக்குப் போவாள். இந்த வேனும் போய்விட்டால் அப்புறம் அண்ணன் இல்லை, ஆண்டவனே இல்லை. மகள் மறுபடியும் அந்த ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து "பரவாயில்லம்மா" என்று சொல்வதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கண்ணாடிக் கடை முதலாளிதான் ஒரு வழி சொன்னார். டயர் கடைகள் இருக்கிற வரிசையின் கடைசியில் ஒரு கார் எலக்ட்ரீசியன் இருக்கிறார், வண்டியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுப்பார், அதை அணைத்துவிட்டால் சாவியே கையில் இருந்தாலும் வண்டி நகராது என்றார்.

அந்த எலக்ட்ரீசியனுக்கு ஊரார் வைத்த பேர் ரகசியம். "ரகசியம் கடை எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். ஆள் வாயாடி. தன் ரத்தக் கொதிப்பு, மைத்துனன் கட்டுகிற வீடு, பக்கத்து டயர் கடைக்காரரின் குறட்டை என்று எல்லாவற்றையும் வந்தவரிடம் பேசித் தீர்ப்பார். சுவிட்ச் விஷயத்தில் மட்டும் அவர் வாயை நெம்புகோல் வைத்தும் திறக்க முடியாது. வேலையை ஆரம்பிக்கும்போது ஷட்டரை இறக்கிவிடுவார். ரேடியோவை அலற விடுவார். டார்ச்சை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். முடிந்ததும் வண்டிக்காரரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கை தானாக அந்த இடத்துக்குப் போகிறவரை பழக்கிவிடுவார். எல்லாரிடமும் ஒரே பாடத்தை ஒப்பிப்பார்.

"போட்ட எனக்குத் தெரியும், போடச் சொன்ன உங்களுக்குத் தெரியும். மூணாவது காதுக்குப் போச்சுன்னா அதுக்குப் பேர் சுவிட்ச் இல்ல, விளம்பரம். வீட்ல இருக்கவங்களுக்கும் இதே சட்டம்தான்."

கண்ணாடியம்மா வேனைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, மைத்துனன் வீட்டுக் கதையில் பாதியில் இருந்த ரகசியம் சட்டென்று நிறுத்திவிட்டார். வேனை ஒரு தடவை பார்த்தார், அவளை ஒரு தடவை பார்த்தார். இந்த மாதிரி சாய்பலகை வைத்த வண்டியை எவன் திருடுவான், வேண்டாத வேலை என்றார். ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது என்றாள். வீட்டில் சாரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமே என்றார். அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் வந்திருக்கிறேன் என்றாள். அதைக் கேட்டதும் மனுஷனுக்கு இருமல் வந்து, தண்ணீர் குடித்து, புரையேறி, மறுபடியும் இருமினார்.

பொம்பளை வந்து கேட்பதால்தான் இந்த ஆள் இழுத்தடிக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. பட்டதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டாள். ரகசியம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். துண்டுக்குப் பின்னால் அவர் சிரித்த மாதிரி இருந்தது.

"சரி தங்கச்சி. ஆனா வேற லைன்ல போடுறேன். பெட்ரோல் பம்புக்குப் போற கரண்ட நிறுத்திடலாம். வண்டி ரெண்டு உறுமு உறுமிட்டு அடங்கிடும்."

எதை விட்டு வேற லைன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு எல்லா லைனும் ஒன்றுதான். ஷட்டர் இறங்கியது, ரேடியோ அலறியது. ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில், தரைவிரிப்பின் மடிப்புக்குள், ஒரு பட்டாணி அளவு சுவிட்ச் குடியேறியது. அன்றைக்கு வீடு திரும்பும்போது பல நாள் கழித்து அவள் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. பகலில் வேன் கைமாறிக்கொண்டே இருப்பதால் ராத்திரிக்கு மட்டும் அதை அணைப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்தே வயிறு புண்ணாகியிருக்கும்.

கண்ணாடியம்மா தினமும் சாயங்காலம் எதையாவது வேனில் மறந்து வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் குடை, ஒரு நாள் பை, ஒரு நாள் ஒற்றைச் செருப்பு. எடுத்து வரப் போகிற சாக்கில் சுவிட்சை அணைத்துவிட்டு வருவாள். கணவருக்கோ புதிதாகச் சுத்தம் பற்றிக்கொண்டது. தன் தட்டைக்கூடத் தானாகக் கழுவி அறியாதவர், விடிந்தும் விடியாததுமாக ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். அதை ஜன்னல் வழியே பார்க்கிற கண்ணாடியம்மாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகும். மகள் போகிற வண்டி என்று எவ்வளவு பாசம், இந்த மனுஷனைப் போய் உளறுவாயன் என்று நினைத்தோமே என்று உருகுவாள். உருகினாலும் சுவிட்ச் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. உருக்கம் வேறு, ஏணி வேறு.

ஒரு நாள் கணவருக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார், வேன் துடைக்கவில்லை. கண்ணாடியம்மா பாப்பாவை ஏற்றிக் கொக்கிகளை மாட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து தன் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினாள். வேன் மூச்சே விடவில்லை. மறுபடி திருகினாள். ம்ஹூம்.  போயும் போயும் பரீட்சை நாளிலா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே கணவர் போர்வையோடு ஓடி வந்தார். இறங்கு, நான் பார்க்கிறேன் என்றார். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு எதையோ தட்டினார். சாவியைத் திருகியதும் வேன் கிளம்பிவிட்டது. கைராசிக்காரர் என்று அவள் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இன்னொரு நாள் அவள் அக்கா வீட்டுக்குப் போய் ராத்திரி தங்கியிருந்தாள். காலையில் கணவர் போன் செய்தார். இன்ஜின் சுற்றுகிறது, இரண்டு உறுமு உறுமுகிறது, உடனே அடங்கிவிடுகிறது என்றார். நேற்று சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில், பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. வண்டி சூடாக இருக்கும், கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று எதையோ உளறி வைத்துவிட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தாள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அவர் கேட்டதற்கு, உங்களை விட்டுவிட்டு அங்கே இருப்புக் கொள்ளவில்லை என்று சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அன்றைக்குப் பூராவும் அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். அவளுக்குக் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பாப்பா இதையெல்லாம் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

ஒரு காலை, துடைக்கிற துணியோடு வெளியே போன கணவர் போன வேகத்திலேயே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரலில் இருந்த நடுக்கத்தைக் கேட்டு அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வேன் இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தாள். இருந்தது, ஆனால் இரவு நின்ற இடத்தை விட்டு ஒரு முழம் முன்னால் நின்றது. ஓட்டுகிறவரின் கதவு நெம்பப்பட்டிருந்தது. சாவித் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகியிருந்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடி பிய்க்கப்பட்டு ஒயர்கள் குடல் மாதிரி தொங்கின.

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. தொங்குகிற ஒயர்களுக்கு நடுவே எதையோ தேடிப் பிடித்து வெறித்துப் பார்த்தார். அது ஒரு சுவிட்ச். கண்ணாடியம்மா பார்த்தே இராத சுவிட்ச்.

"இத நான்தான் போட்டு வச்சிருந்தேன்" என்றார். "உங்கிட்ட சொல்லல. கண்டுபுடிச்சு ஆன் பண்ணியிருக்கான். அப்புறமும் எப்படிப் போகாம நிக்குதுன்னுதான் புரியல."

தினம் காலையில் துடைத்தது கண்ணாடியை அல்ல என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. காய்ச்சல் நாளின் கைராசியும் விளங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்கும்போதே கோபம் தலைக்கேறியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, நீ அக்காவிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன் என்றார். அக்காவிடம் மறைத்தால் உனக்குத் தின்னது செரிக்காதே என்றார். முதல் வேனின் சாவி டப்பாவும் அப்படித்தான் வெளியே போயிருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். வாயைத் திறந்தும்விட்டாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சுற்றி, இரண்டு உறுமு உறுமி, ஒரு முழம் நகர்ந்து அடங்கிப்போன வேன் அவள் கண் முன்னால் நின்றது. அதை நிறுத்தி வைத்தது எது என்று அந்த வாசலில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால், நானும் உன்னை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி. சொல்லாமல் விட்டால், இந்த மனுஷன் காலம் பூராவும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, தரைவிரிப்பின் மடிப்பை விலக்கிக் காட்டினாள். கணவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க ஏணியில ஏறினா வாய் நிக்காதுன்னு நான் போட்டது" என்றாள்.

அதற்கப்புறம் வர வேண்டிய சண்டை வந்தது. சாவி டப்பாவை நீ சொன்னாய், நீங்கள் சொன்னீர்கள் என்று வாசலில் நின்று இருவரும் சத்தம் போட்டார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார். சண்டையின் நடுவில் ஒரு விஷயம் வெளிவந்தது. அவள் அக்காவிடம் அதைச் சொன்னதே இல்லை. அவர் எந்த ஏணியிலிருந்தும் அதைச் சொன்னதில்லை. முன்சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்த டப்பாவைக் குனிந்து பார்க்கிற எவனும் பார்த்திருப்பான். இத்தனை காலமும் ஒருவரையொருவர் மனதுக்குள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தது வீண் என்று தெரிந்தபோது இருவருக்கும் அசடு வழிந்தது. பால்காரர் கிளம்பிப் போனார்.

கணவர்தான் முதலில் சிரித்தார்.

"நாம ஒருத்தர ஒருத்தர் நம்பியிருந்தா ஒரு சுவிட்சுதான் இருந்திருக்கும். வண்டி போயிருக்கும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நம்பாமல் இருந்ததற்காக ஒரு மனுஷனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலை எந்தப் பெண்டாட்டிக்கு வந்திருக்கும் என்று தெரியவில்லை. அவள் சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். அவரும் பதிலுக்குச் சொன்னார்.

உள்ளே போய்ப் பாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். ஒளித்து வைத்த இரண்டு சுவிட்சைப் பற்றியும் அவளுக்கு எப்போதோ தெரியுமாம். அப்பா சாயங்காலம் வேனை நிறுத்தியதும் ஸ்டியரிங்குக்கு அடியில் தடவுவார், அம்மா உட்கார்ந்ததும் சீட்டுக்கு அடியில் கை விடுவாள், சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ரெண்டு பேரும் எனக்காகத்தானே பண்ணீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

பரீட்சை நாளன்று வேன் கிளம்பாமல் நின்றபோதும் வாயைத் திறக்கவில்லையே என்று அம்மா நினைத்துப் பார்த்தாள். தன் வயிற்றில் பிறந்த பெண்ணா இது என்று இருந்தது. இப்படி ஒரு வாயை அந்த வீட்டில் வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் பூட்டுப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறார்கள்.

பழைய இடங்கள் இனி உதவாது. மூவரும் ரகசியத்தின் கடைக்குப் போனார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து இறங்கியதைப் பார்த்ததும் ரகசியம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் இருவருக்கும் தெரிந்துவிட்டதா, இதை வயிற்றில் வைத்துக் காப்பாற்றியதில்தான் தனக்கு ரத்தக் கொதிப்பே ஏறியது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார், உப்பா காரணம் என்று அங்கலாய்த்தார். கண்ணாடியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நீங்கள் வாய் தவறி, ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு வேன் இல்லை என்றாள். அவர் வெட்கப்பட்டு, ரேடியோ எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

புதிதாகப் போடப் போவதை யார் தெரிந்துகொள்வது என்று ரகசியம் கேட்டார். ஒருவர்தான், சட்டம் சட்டம்தான் என்றார். கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கணவரைப் பார்த்தாள். எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னார். எனக்கும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். பிறகு இருவரும் திரும்பி வேனின் பின்பக்கம் பார்த்தார்கள்.

பெற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஷட்டர் இறங்கியது. உள்ளே ரேடியோ அலறியது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருவரும் வெயிலில் நின்றார்கள். இனிமேல் ஏணியில் நின்று எதை வேண்டுமானாலும் பேசலாம், நமக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று அவர் சொன்னார். நானும் அக்காவிடம் வயிறு நிறையப் பேசுவேன் என்று அவள் சொன்னாள். உள்ளேயிருந்து பாப்பா சிரிக்கிற சத்தம் ரேடியோவையும் மீறிக் கேட்டது. ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப் இரண்டு லைனையும் ஒரே சுவிட்சில் சேர்த்துவிட்டேன், பாப்பா கைக்கு எட்டும், வேறு எவன் கைக்கும் எட்டாது என்று மட்டும் ரகசியம் சொன்னார். அது எங்கே என்று இந்தக் கதை சொல்கிறவருக்கும் தெரியாது.

பாப்பாதான் சாயங்காலம் வேனிலிருந்து கடைசியாக இறங்குகிறவள், காலையில் முதலில் ஏறுகிறவளும் அவள்தான். ஆகவே ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தியது. விடுமுறை நாளில் அப்பாவுக்கு வேன் வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் தானும் வருவதாகச் சொல்லிவிடுவாள்.

மறுநாள் காலை கண்ணாடியம்மா பாப்பாவை ஏற்றிக் கொக்கிகளை மாட்டினாள். சிறு வயதிலிருந்தே வேனில் ஏற்றும்போதெல்லாம் பாப்பா மறக்காமல் தேங்க்ஸ் சொல்வாள், யாரோ வழிப்போக்கர் ஏற்றிவிட்ட மாதிரி. வேண்டாம் என்றாலும் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும். அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வேன் மூச்சு விடவில்லை. பழக்க தோஷத்தில் பின்னால் திரும்பப் போனாள்.

"திரும்பாதம்மா. முன்னாடி பாரு."

கண்ணாடியம்மா முன்னால் பார்த்தாள். சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. பாப்பா அவசரப்படவே இல்லை.

"ம். இப்ப எடு."

வேன் கிளம்பியது. கண்ணாடியம்மாவுக்குக் கண்கள் நிறைந்து சாலை மங்கலாகிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"தேங்க்ஸ் பாப்பா" என்றாள்.

"எதுக்கு?"

"என்ன ஏத்திக்கிட்டதுக்கு."

 லேட்டாகிறது, கண்ணைத் துடைத்துவிட்டு ஓட்டு என்று பாப்பா சொன்னாள். அவள் துடைத்துக்கொண்டு ஓட்டினாள்.